தூண் பதினேழின் கண்ணாடி

பயிற்சி ஆறு நாள். முதல் நாள் எதையும் தொடக் கூடாது என்றார்கள்.

தினகரன் தொடவில்லை. நாற்பத்தேழு வயது. திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருஷம் தகடு அழுத்தும் பவர் பிரஸ் ஓட்டியவன். பட்டறை வேறு ஊருக்குப் போயிற்று. மிஷின்களை லாரியில் ஏற்றினார்கள். ஆட்களை ஏற்றவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தான். தான் ஆயாவாக வேலை பார்க்கும் கட்டடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் மனைவி தாட்சாயிணி வந்து சொன்னாள். வேலையின் பெயர் வசதி மேலாண்மை உதவியாளர். பயிற்சியில் தேறினால் அங்கேயே வேலை. தேறாவிட்டால் கொடுத்த சட்டையைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும்.

கட்டடம் அயனம்பாக்கம் ஏரிக்கு எதிரில் இருந்தது. எட்டு மாடி. மேலே கம்ப்யூட்டர் கம்பெனிகள். தரைத்தளத்தில் அந்தக் கம்பெனிக்காரர்களின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம். தாட்சாயிணி அங்கேதான். தரைக்குக் கீழே கார்கள். கார்களுக்கு நடுவில் தட்டி வைத்து மறைத்த இடத்தில் வகுப்பு. பதினான்கு நாற்காலி, ஒரு திரை, ஒரு குத்துவிளக்கு.

இயக்குநர் வீரராகவன் விளக்கேற்றினார். கட்டடத்தையும் பயிலகத்தையும் அவரே நடத்தினார்.

"வெளியில இருக்கறவங்க நம்மளை வாட்ச்மேன்னு நினைப்பாங்க. கூட்டிப் பெருக்கறவங்கன்னு நினைப்பாங்க. கிடையாது. நாம மெயின்டெய்ன் பண்றது நம்பிக்கை. கட்டடம் தானா நிக்கும். நம்பிக்கை தானா நிக்காது."

கைதட்டினார்கள்.

"இருபத்திரண்டு வருஷத்துல நம்ம பட்டியல்ல இருக்கற ஒரு கட்டடத்துலகூட விபத்து நடந்ததில்லை. நடந்தா அன்னிக்கே அதைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவோம். அவ்வளவு ஸ்ட்ரிக்ட்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் மட்டும் தட்டவில்லை. ஆவடிக்காரன். முப்பது வயது இருக்கும். கழுத்தட்டையில் முகமது ஆசிக் என்று இருந்தது.

"அண்ணாத்தே," என்றான். "சோறு போடுவாங்களா?"

"தெர்ல."

"கேட்டுட்டுத் தட்டலாம்னு கீறேன்."

பயிற்சியாளர் ஹேமாவதி. மென்மையாகப் பேசுவார். ஒருபோதும் குரல் உயர்த்த மாட்டார். அவர் கொடுத்த நோட்டில் முதல் பக்கம் சொற்பட்டியல். ஒழுகல் என்று எழுதக் கூடாது, ஈரப்பத நிகழ்வு. எலி என்று எழுதக் கூடாது, இடையூறு. விரிசல் என்ற சொல்லை எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது. கோடு.

"விரிசல்னு யாராவது சொன்னா?" என்று ஆசிக் கேட்டான்.

"பீதி கிளப்பறதா பதிவாகும். அன்னிக்கே அனுப்பிடுவாங்க," என்றார் ஹேமாவதி. வருத்தத்துடன் சொன்னார்.

இரண்டாம் நாள் போனில் ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். கட்டடம் முழுவதும் அதில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் சரி. மற்றதில் சரி செய்யப்பட்டது. இரண்டும் பச்சை.

"சரியில்லேன்னா இன்னாத்த அமுக்கறது மேடம்?" என்றான் ஆசிக்.

"சரி செய்யப்பட்டது."

"செய்யலியே."

"அமுக்கினாத்தானே செய்வாங்க."

"யாரு செய்வாங்க?"

"அமுக்கினவர் பேரை ஆப் காட்டும். அவர்."

பதினான்கு பேரும் வரிசையாக நடந்தார்கள். குழாய், சரி. விளக்கு, சரி. முப்பத்தொன்றாவது வரி தீ எச்சரிக்கை மணி. அதன் சத்தம் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மாடிக்காரர்கள் சொன்னதால் சத்தத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். சரி செய்யப்பட்டது. நூற்று நாற்பத்து மூன்றாவது வரி தூண் எண் பதினேழில் இருந்தது. *கண்ணாடி முழுதாக இருக்கிறதா?*

தினகரன் பார்த்தான். தூணில் தோள் உயரத்தில் சரிவாக ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. இரண்டு முனையிலும் பசை. பக்கத்தில் தேதி எழுதியிருந்தது. நான்கு நாள் முந்தைய தேதி. கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

"ஒடைஞ்சிருக்கு மேடம்."

"ஆமா. மாத்தணும். அதான் இன்னிக்குப் பாடம்."

ஏழு வருஷத்துக்கு முன்னால், பெருமழைக்குப் பிறகு, ஒரு இன்ஜினியர் வந்து இதை ஒட்டிவிட்டுப் போனாராம். கண்ணாடி முழுதாக இருக்கும்வரை பயமில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து கண்ணாடியை முழுதாக வைத்திருக்கிறார்கள். ஹேமாவதி ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே காகிதம் சுற்றிய கண்ணாடித் துண்டுகள்.

"முன்னே வருஷத்துக்கு ஒரு பெட்டி வாங்குவோம். இப்போ மாசத்துக்கு ஒண்ணு. ஸ்டோர்ஸ்ல நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு நல்ல பேர்."

"கண்ணாடி ஒடையுதுன்னா தூணு நவுருதுன்னு அர்த்தம் இல்லியா மேடம்?" என்றான் தினகரன்.

ஹேமாவதி ஆப்பைத் திருப்பிக் காட்டினார். "கண்ணாடின்னுதான் இருக்கு. தூண்னு இல்லையே."

நான்கு நிமிடத்துக்குள் மாற்ற வேண்டும். பழையதைச் சுரண்டி, துடைத்து, ஒட்டி, தேதி எழுத வேண்டும். எல்லோரும் ஒரு பழைய சுவரில் பழகினார்கள். தினகரனின் கை பழகிய கை. மூன்று நிமிடம் பத்து விநாடி. தூணில் ஒட்ட அவனையே விட்டார்கள். ஒட்டியதும் கைதட்டினார்கள். அவன் சரி செய்யப்பட்டது என்பதை அமுக்கினான். திரையில் வந்தது. *தூண் 17. பொறுப்பு: தினகரன்.*

எல்லோரும் நகர்ந்த பிறகு அவன் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தான். பட்டறைப் பழக்கம். மிஷின் உடம்பில் விரிசல் விட்டால் அதன் நுனியில் குறுக்காக ஒரு கோடு போடுவார்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் மிஷினை நிறுத்த வேண்டும். ஒருமுறை தாண்டிய பிறகும் மேஸ்திரி நிறுத்தவில்லை. மேஸ்திரிக்கு இப்போது இடது கை இல்லை.

கோடு போட்டான். பிறகு தூணுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டான். படிக்கட்டிலிருந்து இருபத்தாறு அடி. மேலே போய் அதே திசையில் நடந்தான். இருபத்தாறு அடி முடிவதற்கு முன்பே காப்பகத்தின் கதவு வந்தது.

மதியம் அவனும் தாட்சாயிணியும் ஜெனரேட்டர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எலுமிச்சை சோறு, பொரித்த அப்பளம்.

"உங்க ரூமு நடுவுல ஒரு தூணு கீதா?" என்றான்.

"கீது. ஒட்டகச்சிவிங்கி தூணு. படம் ஒட்டி வச்சிருக்காங்க. புள்ளைங்கள நிக்க வச்சி ஒசரம் பாப்போம்," என்றாள் தாட்சாயிணி. "அத்தச் சுத்தித்தான் பாய் போட்டுத் தூங்க வப்பேன். ஏன்?"

"படம் நல்லாத்தான கீது?"

அவள் சிரித்தாள். "அது ஒரு கூத்து. கழுத்துல கிழிஞ்சிகினே கீது. ஒட்டகச்சிவிங்கிக்கு கழுத்த அறுத்துட்டாங்கன்னு புள்ளைங்க அழுவுது. ரெண்டு வாட்டி டேப்பு போட்டு ஒட்டினேன்."

அவன் அப்பளத்தைக் கீழே வைத்தான்.

மறுநாள் காலை கண்ணாடி உடைந்திருந்தது. விரிசல் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி அரை விரல் போயிருந்தது. அவன் இன்னொரு கோடு போட்டான்.

ஒரே நாளில் உடைந்தது இதுதான் முதல் முறை. வீரராகவனே இறங்கி வந்தார். தூணைப் பார்க்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"குவாலிட்டி இல்லை," என்றார். "மூணு வியாபாரியை மாத்தியாச்சு. அம்பத்தூர்ல வாங்கினோம், பூந்தமல்லியில வாங்கினோம், பாரிஸ் கார்னர்ல போய் வாங்கினோம். எல்லாம் உடையுது. நாட்டுல நேர்மை இல்லை. வியாபாரியை மாத்தலாம், தூணையா மாத்த முடியும்? நான் கேக்கறேன்."

ஆசிக்கால் சும்மா இருக்க முடியவில்லை. "கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக்கு ஒட்டிட்டா ஒடையவே ஒடையாது சார்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். வீரராகவன் சிரிக்கவில்லை. ஆசிக்கை நெடுநேரம் பார்த்தார்.

"உன் பேர் என்ன?"

"ஆசிக் சார். சும்மா தமாசுக்கு..."

"இவ்வளவு வருஷம் இது யாருக்கும் தோணலையே."

அன்று மதியமே பிளாஸ்டிக் பட்டை வந்தது. கண்ணாடி போலவே தெளிவாக இருந்தது. வளைத்தால் வளைந்தது. ஹேமாவதி ஆப்பில் அந்த வரியைத் திருத்தவில்லை. கண்ணாடி முழுதாக இருக்கிறதா. சரி.

நான்காம் நாள் ஆசிக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புதுமை விருது. தூணுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். வீரராகவன் பேசினார்.

"பிரச்சினையைப் பாக்கறவன் சாதாரணத் தொழிலாளி. பிரச்சினையே கண்ணுக்குத் தெரியாம பண்றவன் மேலாளர். இந்தப் பையன்கிட்ட நான் மேலாளரைப் பாக்கறேன்."

ஆசிக் பொன்னாடையை மடித்துக்கொண்டு வந்து தினகரன் பக்கத்தில் உட்கார்ந்தான். "நைனா, நா சொன்னது தமாசுதான்," என்றான்.

"தெரியும்."

"அவங்களுக்குத் தெர்லியே."

தூணில் இப்போது மூன்று சாக்பீஸ் கோடுகள் இருந்தன. மூன்றையும் விரிசல் தாண்டியிருந்தது. குறுக்கே பிளாஸ்டிக் பட்டை இழுபட்டு மெலிந்திருந்தது. உடையவில்லை.

ஐந்தாம் நாள் தினகரன் வீரராகவனின் அறைக்குப் போனான். அப்படிப் போகக் கூடாது. போனான்.

"சார், பதினேழாம் தூணுல மூணு நாளுல மூணு கோடு தாண்டிடுச்சி. மேல முப்பத்தியொரு கொயந்தைங்க சார். என் சம்சாரம் அங்கதான் வேல செய்யுது."

வீரராகவன் கவனமாகக் கேட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"கோடுன்னு சொன்னீங்க பாருங்க, அது சந்தோஷம். பயிற்சி வேலை செய்யுது," என்றார். "சாக்பீஸ் யார் கொடுத்தது?"

"என்னுது சார்."

"தூண்ல எழுதறது எண்பத்தெட்டாவது வரி. கிறுக்கல். அது நம்ம பட்டியல்ல இருக்கு. நீங்க சொல்ற விஷயம் பட்டியல்ல இல்லை. நான் எதுக்குப் பதில் சொல்ல முடியும்?"

"இன்ஜினியரக் கூட்டாந்து காட்டுங்க சார். ஒரே ஒரு வாட்டி."

"கூட்டிட்டு வந்தா அவர் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தா படிக்கணும். படிச்சா தெரிஞ்சுடும். தெரிஞ்ச பிறகு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனா அது குற்றம். தெரியாதவரைக்கும் விபத்து. நான் உங்களைக் காப்பாத்தறேன் தினகரன். தூண் உங்க பேர்லதான் இருக்கு."

ஹேமாவதி ஈரத்துணி கொண்டுவந்தார். தினகரன் தன் கையாலேயே கோடுகளைத் துடைத்தான். அவன் கோப்பில் ஒரு சிவப்புக் குறி விழுந்தது. இன்னொன்று விழுந்தால் சட்டையைத் துவைக்க வேண்டியதுதான். போகும்போது, ஹேமாவதி மேசையில் கிடந்த பழைய பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

திருமழிசை பஸ்ஸில் கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"நாளைக்கு லீவு போடு," என்றான்.

"ஏன்?"

சொன்னான். பஸ் பூந்தமல்லி தாண்டியது.

"நா லீவு போட்டா எனக்கு லீவு," என்றாள். "புள்ளைங்களுக்கு யாரு லீவு போடறது?"

"பெத்தவங்ககிட்ட சொல்லேன்."

"இன்னான்னு? ஆயா சொல்லிச்சி, கட்டடம் உயுந்துடும்னா? சாயங்காலமே வேற ஆயா வந்துடும். அந்தத் தூணாண்டயே பாய் போடும். அதுக்குத் தெரியாது. எனக்காச்சும் தெரியும்."

சனிக்கிழமை, மாடிக் கம்பெனிகளுக்கு அன்றும் வேலை. கடைசி நாள். காலை எட்டு மணிக்கு, குழந்தைகள் வருவதற்கு முன், அவன் காப்பகத்துக்குள் போனான். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இருந்த டேப்பைப் பிரித்தான். பின்னால் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது. குறுக்கே கண்ணாடியை ஒட்டினான். மூன்று நிமிடம் ஆகவில்லை.

"ஒடைஞ்சா இன்னா பண்ணணும்?" என்றாள் தாட்சாயிணி.

"எங்கிட்ட வா."

"அப்பால?"

அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் தேதி எழுதினான்.

கடைசி நாள் நிகழ்ச்சிகள் அச்சிட்டு ஒட்டியிருந்தன. பத்துக்குத் தேர்வு. பதினொன்றுக்கு மாதிரி வெளியேற்றம். பன்னிரண்டுக்குச் சான்றிதழ். மாதிரி வெளியேற்றம் என்பது கட்டடத்தில் ஆபத்து வந்தால் எல்லோரும் வெளியே வருவதைப் பழகுவது. வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாடிக்காரர்கள் வரமாட்டார்கள், வேலை கெடும். எனவே பயிற்சிக்காரர்களே சட்டை மாற்றி மாற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். சிவப்புக் குறி வாங்கியவன் படத்தில் வரக் கூடாது. எனவே தினகரன்தான் படம் எடுக்க வேண்டும்.

பத்து நாற்பதுக்கு, தேர்வு முடிந்ததும், தாட்சாயிணி அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். அவள் அங்கே வந்ததே இல்லை. உள்ளங்கையை விரித்தாள். இரண்டு துண்டு.

"சத்தம் கேட்டுச்சி," என்றாள். "டக்குன்னு."

தினகரன் ஓடிப்போய்த் தீ எச்சரிக்கைப் பொத்தானை உடைத்து அமுக்கினான். சத்தம் வரவில்லை. முப்பத்தொன்றாவது வரி. திரும்பியபோது ஆசிக் நின்றிருந்தான். அவள் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் தமாசு இல்லை.

"மாமே, இன்னா பண்றது?"

"ஃபயர் சர்வீஸுக்கு போன் போடு. கேட்டாண்ட போய்ப் பேசு."

அவன் போனதும் தினகரன் வீரராகவனைத் தேடினான். அவர் கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்தபோது தினகரனின் வாயில் ஒரு சொல் இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் சொல்லக் கூடாது என்றிருந்த சொல். அதைச் சொன்னால் அவனை மட்டும்தான் வெளியே அனுப்புவார்கள்.

"சார், போட்டோ நல்லா வராது," என்றான்.

வீரராகவன் திரும்பினார். "ஏன்?"

"பதிமூணு பேருதான சார். கம்மியாத் தெரியும். மொத்தக் கட்டடமும் வந்து நின்னா... நீங்க நடுவுல. காப்பகத்துக் கொயந்தைங்க முன்னாடி."

வீரராகவன் யோசித்தார். டையை இறுக்கினார்.

"குழந்தைங்க நல்லா இருக்கும்," என்றார். "மாடிக்காரங்க வரமாட்டாங்களே."

"நீங்க சொன்னா வருவாங்க சார்."

ஒலிபெருக்கியில் அவரே பேசினார். அடுத்த வருஷத்துக் கார் நிறுத்த ஸ்டிக்கர் வேண்டுபவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்து படத்தில் நிற்க வேண்டும்.

நானூறு பேர் வந்தார்கள். லிப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடி வந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் சிறந்த வெளியேற்றம் என்றார் ஹேமாவதி. தாட்சாயிணி குழந்தைகளைக் கயிற்றைப் பிடிக்கவைத்து அழைத்து வந்தாள். முப்பத்தொன்று. தினகரன் இரண்டு தடவை எண்ணினான்.

எல்லோரும் வாசற்படியில் நின்றார்கள். அவன் போனைத் தூக்கினான்.

"போர்டு வருதா?" என்று வீரராகவன் கத்தினார். பயிலகத்தின் பெயர்ப்பலகை எட்டாவது மாடியின் உச்சியில் இருந்தது.

"வரல சார்."

"பின்னாடி போ."

போனான். "இப்ப போர்டு வருது. உங்க மொகம் தெர்ல சார். முன்னாடி வாங்க."

கூட்டம் பத்தடி முன்னால் வந்தது. அவன் இன்னும் பத்தடி பின்னால் போனான். வாயிற்கதவைத் தாண்டினான். ரோட்டைத் தாண்டினான். கூட்டம் வாயிற்கதவுவரை வந்தது. ஓர் ஆட்டோ நின்று ஹாரன் அடித்தது.

படம் எடுத்தான். வீரராகவன் வாங்கிப் பார்த்தார். போர்டு இருந்தது. முகமும் இருந்தது. "ஏ ஒன்," என்றார். மணி பார்த்தார். "எல்லாரும் உள்ளே போகலாம்."

முதல் வரிசை திரும்பியது.

"சார்," என்றான் தினகரன். "கண்ண மூடிட்டீங்க."

"நானா?"

"ஆமா சார்."

திரும்பவும் நின்றார்கள். ஆசிக் பொன்னாடையோடு பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் பேசினான். "பேசிட்டேன். வந்துகினு கீறாங்க. வழியில டிராஃபிக்காம்."

"எவ்ளோ நேரம்?"

"சொல்லல." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "அண்ணாத்தே சொல்றாரில்ல, முன்னாடி வாங்க! ஸ்டிக்கர் வோணுமா வாணாமா? கேட்ட தாண்டி வாங்க!"

கூட்டம் ரோட்டுக்கு வந்தது. தினகரன் ஏரிக்கரை மேல் ஏறினான். இரண்டாவது படம். மூன்றாவது. யாரோ ஒருவர் மீட்டிங் இருக்கிறது என்றார். ஒரு குழந்தை அழுதது. வீரராகவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது கடைசி," என்றார்.

காலுக்குப் பின்னால் தண்ணீர். இனிப் பின்னால் போக இடமில்லை. போன் நான்கு சதவீதம் சார்ஜ் காட்டியது.

அவன் திரையைப் பார்த்தான். உச்சியில் போர்டு. கீழே நானூறு முகம். இரண்டுக்கும் நடுவில் கட்டடம். காப்பகத்தின் ஜன்னல் கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு தெரிந்தது. காலையில் அது இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஜன்னலிலும் ஒன்று வந்தது.

எல்லோரும் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"யாரும் திரும்பாதீங்க," என்றான். "சிரிங்க."